பத்தொன்பது புள்ளி வித்தியாசம்

சனிக்கிழமை காலைகளில் எனக்குப் பசிப்பதில்லை. மற்ற நாட்களில் நன்றாகச் சாப்பிடுவேன். அன்று வெறும் காபியோடு கிளம்பினேன் என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். அதில் வேறெதையும் தேடாதீர்கள், மேடம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அணி பூட்டப்படும். அதுவரை எனக்குத் தண்ணீர்கூடச் சரியாகத் தொண்டையில் இறங்காது. அவ்வளவுதான் விஷயம்.

நீங்கள் கால்பந்து பார்ப்பதில்லை என்றீர்கள். அதனால் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் ஒரு செயலி. நிஜமாகவே மைதானத்தில் ஆடுகிற ஆட்டக்காரர்களிலிருந்து பதினைந்து பேரைப் பொறுக்கி நாம் ஓர் அணி சேர்க்க வேண்டும். வார இறுதியில் அவர்கள் கோல் போட்டால் நமக்குப் புள்ளி ஏறும், அடி வாங்கி உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. அந்தப் பதினைந்து பேரில் ஒருவனைக் கேப்டன் ஆக்கலாம். அவனுடைய புள்ளி இரட்டிப்பாகும். நம் கேப்டன் யாரென்று பூட்டும் நேரம் வரை மற்றவர்களுக்குத் தெரியாது. பூட்டிய பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது, எல்லாருடைய அணியும் எல்லாருக்கும் தெரியும்.

கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஒரு வருடம் ஆடிப் பாருங்கள். முன்பின் பார்த்திராத யாரோ ஒருவனுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது என்று படித்துவிட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்தபடியே கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

எங்கள் டிப்போவில் ஏழு பேர். லிஃப்ட் பராமரிப்பு வேலை. ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு லீக். காசு வைத்து ஆடுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் உண்டு. முதலில் வருபவர் பள்ளி விடுமுறைக்கால டியூட்டிப் பட்டியலை எழுதுவார். யாருக்கு எந்த வாரம் லீவு என்பது அவர் கையில். கடைசியில் வருபவர், அந்த விடுமுறை முழுவதும் அவசர அழைப்பு ஃபோனைச் சுமக்க வேண்டும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுகிற ஃபோன்.

அந்த ஃபோன் இரண்டு வருடம் தொடர்ந்து என் சட்டைப் பையில் இருந்தது. என் மனைவியும் மகளும் கடற்கரைக்குப் போனார்கள். நான் டிப்போவில் உட்கார்ந்து, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு பெண்மணி அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள் அனுப்பிய படத்தில் மூன்று பேர் அலையில் கால் நனைத்தபடி நின்றார்கள். மூன்றாவது ஆள் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. முப்பத்துமூன்று வயது. டிப்போவில் அவனைச் சேர்த்துவிட்டவனே நான்தான். ஐந்து வருடமாக இருவரும் ஒரே வேனில் போய் ஒரே வேலையைச் செய்தோம். இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் இருக்கும் அறையில் நிற்பான், இன்னொருவன் அடியில் பள்ளத்தில் இறங்குவான். நடுவில் ஒரு வாக்கி-டாக்கி. இந்த வேலையில் நல்ல ஜோடி அமைவது கல்யாணத்தில் நல்ல ஜோடி அமைவதைவிடக் கஷ்டம் என்று ஃபோர்மேன் சொல்வார். எங்களை உதாரணம் காட்டித்தான் சொல்வார்.

இந்த வருடம் என் அணி நன்றாக இருந்தது. இருபதாவது வாரத்திலிருந்து நான் இரண்டாம் இடம். ஃபோர்மேன் முதலிடம். நடுவில் பத்தொன்பது புள்ளி. இரண்டு நல்ல வாரம் வந்தால் தாண்டிவிடலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். முதலிடத்தில் இருப்பவன் முன்னேற வேண்டியதில்லை. இரண்டாம் இடத்தில் இருப்பவன் யாரைக் கேப்டனாகப் போடுகிறானோ அதே ஆளைத் தானும் போட்டுக்கொண்டால் போதும். அவன் கோல் போட்டால் இருவருக்கும் ஏறும், சொதப்பினால் இருவருக்கும் இறங்கும். மற்ற ஆட்டக்காரர்கள் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான், அதனால் இடைவெளி அப்படியே இருக்கும். வாரங்கள் கழியும், சீசன் முடிந்துவிடும்.

அதுதான் நடந்தது. ஆறு வாரம் தொடர்ந்து எனக்கும் ஃபோர்மேனுக்கும் ஒரே கேப்டன். முதல் இரண்டு வாரம் தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் யாருமே சீந்தாத ஒரு நடுக்களத்துக்காரனைப் போட்டேன். பதினொரு மணிக்குப் பூட்டியதும் ஃபோர்மேனின் அணியைத் திறந்தேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் கேப்டன் அடையாளம் இருந்தது. சனிக்கிழமைதோறும் பத்தொன்பது, திங்கட்கிழமைதோறும் பத்தொன்பது.

யாரோ சொல்கிறார்கள்.

என் கேப்டன் யாரென்று மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி என் மனைவி. சாப்பாட்டு மேசையில் நான் புலம்புவதைக் கேட்பவள் அவள்தான். இன்னொருவர் எங்கள் ஸ்டோர் அக்கா. நட்டும் போல்ட்டும் கொடுக்கிற ஜன்னல் வழியாக ஊர்க்கதை முழுக்கக் கொடுப்பார், வாங்குவார். ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் அவர்தான். மூன்றாவது மச்சான்.

மனைவியைச் சந்தேகப்படுவது எனக்குச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் கவனித்தேன். ஃபோர்மேனின் மனைவிக்கும் அவளுக்கும் பேச்சு உண்டு. நான் கூடத்துக்குள் வந்ததும் ஒரு தடவை ஃபோனை வைத்துவிட்டாள். "யாரு?" என்றேன். "என் தங்கச்சிதாங்க. ஏன், உங்க டீம் கோச்சுனு நெனச்சீங்களா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இரண்டு நாள் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன். நான் அவசரப்படுகிறவன் இல்லை, மேடம்.

எனவே ஒரு சோதனை வைத்தேன். மூன்று பேருக்கும் மூன்று கேப்டன்.

மனைவியிடம் 'நெட்டை' என்றேன். அவன் உயரமான முன்கள ஆட்டக்காரன். ஸ்டோர் அக்காவிடம் 'சறுக்கு' என்றேன். அவன் ஓரத்தில் ஓடுகிறவன், பாதி நேரம் புல்லில் கிடப்பான். மச்சான் என் பக்கத்திலேயே வேனில் உட்காருகிறவன், எட்டிப் பார்த்தால் என் ஃபோன் தெரியும். அவனை வாய்வார்த்தையால் ஏமாற்ற முடியாது. அதனால் செயலியில் நிஜமாகவே 'தூண்' என்கிற கோல்கீப்பரைக் கேப்டனாக்கி, ஃபோனை வண்டியின் முன்பலகையில் வைத்தேன். கோல்கீப்பரைக் கேப்டனாகப் போடுவது, வாசலில் நிற்கும் காவலாளியை மாப்பிள்ளைக் கோலத்தில் உட்காரவைப்பது மாதிரி. யாரும் தானாக அதைச் செய்ய மாட்டார்கள்.

மச்சான் பார்த்தான்.

"என்ன அத்தான், தூணையா கேப்டன் போட்டிருக்கீங்க? வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா?"

"பாத்துக்கிட்டே இரு."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அக்காகிட்ட சொல்லி உங்க ஃபோனைப் புடுங்கி வைக்கச் சொல்லணும்."

பூட்டுவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது என் உண்மையான கேப்டனை மாற்றி வைத்தேன். பதினொரு மணிக்கு ஃபோர்மேனின் அணியைத் திறந்தேன். கேப்டன், தூண்.

அன்று தூண் ஐந்து கோல் விட்டான். இடைவெளி பத்தொன்பதிலிருந்து எட்டுக்கு வந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் மகளுடைய சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டேன். மனம் மிகவும் அமைதியாக இருந்தது. தெரியாமல் இருப்பதுதான் வேதனை. தெரிந்துவிட்டால் வேலையைப் பார்க்கலாம்.

அடுத்த ஐந்து நாளும் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபோனை எப்போதும் கவிழ்த்தே வைத்தான். முன்பும் அப்படித்தான் வைத்திருப்பான்போல. நான் கவனித்ததில்லை. செவ்வாய்க்கிழமை ஃபோர்மேன் அவன் தோளில் தட்டி ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் போனதும் பேச்சு ஒரு கிரீஸ் டப்பாவைப் பற்றி மாறியது. கிரீஸ் டப்பாவில் சிரிக்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை வேனில் அவனே ஆரம்பித்தான்.

"நல்லவேளை அத்தான், தூணை மாத்தினீங்க. ஃபோர்மேன்தான் பாவம். எப்படித்தான் அந்தாளுக்கு அந்தப் புத்தி வந்துச்சோ."

"எப்படி வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? உங்கள மாதிரியே அவரும் வெயில்ல நின்னிருப்பாரு."

ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் அவன் மறுபடி பேசினான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அத்தான், இதுக்குப் போய் நீங்க சாப்பிடாம கொள்ளாம கிடக்குறீங்களாம். அக்கா வருத்தப்படுது. பட்டியல யார் எழுதினா என்ன? எனக்கு எந்த வாரம் விழுந்தாலும் அத நீங்க எடுத்துக்கங்க. அந்த ஃபோன் வந்தாலும் நான் வச்சுக்கிறேன். நீங்க அக்காவையும் பாப்பாவையும் கூட்டிட்டுக் கடலுக்குப் போங்க."

ஒரு மனிதன் காரணமே இல்லாமல் இவ்வளவு நல்லவனாக இருப்பானா, மேடம்? நீங்கள் விசாரணை அதிகாரி, உங்களுக்குத் தெரிந்திருக்கும். குற்ற உணர்ச்சி உள்ளவன்தான் அப்படிப் பேசுவான். எனக்கு அவன் வாரம் வேண்டாம். பட்டியலை நான் எழுத வேண்டும். அதை அவனால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

வியாழக்கிழமை, அந்த ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்துக்குச் சனிக்கிழமை காலை என்று நாள் குறித்தேன். வார இறுதியில் அங்கே ஆள் இருக்காது. பள்ளத்தில் ஒரு தாங்கியை மாற்ற வேண்டும். லிஃப்டின் எடைப்பாளம் தப்பித்தவறி எல்லை தாண்டிக் கீழே வந்தால் தாங்குவதற்காக அடியில் இருக்குமே, அது. வழக்கமாகப் பள்ளத்தில் நான் இறங்குவேன். முழங்கால் வலிக்கிறது, நீ இறங்கு என்று சொன்னேன். "அதுக்கென்ன, அத்தான்" என்றான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேனில் ஏறுவதற்கு முன்னால், ஃபோர்மேன் ஃபோனில் கூப்பிட்டார். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்று தெரியும். மறைக்கவில்லை.

"யோவ், ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. சாப்பாட்டு ரூம்ல இருக்கே டேப்லெட், அதுல உன் அக்கவுண்ட் திறந்தே கிடக்கு. சீசன் ஆரம்பத்துல எல்லாருக்கும் காட்டுறேன்னு நீதான்யா திறந்த. மூடவே இல்ல. ரெண்டு மாசமா சனிக்கிழமை டீ குடிக்கிறப்போ உன் டீமைப் பார்த்துத்தான் கேப்டன் போட்டேன். போன வாரம் தூண் எனக்கு நல்லாப் பாடம் கத்துக் குடுத்துட்டான். முதல்ல அத மூடு."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு ஸ்டோர் அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"அக்கா, சாப்பாட்டு ரூம் டேப்லெட்ல என் பேரு இருக்கா, பாருங்க."

"இரு தம்பி... ஆமா, இருக்கே. உன் பதினஞ்சு பேரும் வரிசையா பல்லக் காட்டிட்டு நிக்கிறானுங்க. எடுத்துடவா?"

"எடுத்துடுங்க."

"எடுத்துட்டேன். அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

வேனில் ஏறி உட்கார்ந்து யோசித்தேன். டேப்லெட் தானாக வாயைத் திறந்து பேசாது. அதைப் போய்ப் பார் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் அதைத் திறந்த அன்று பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஏழு பேரும் இருந்தார்கள். ஆனால் என் தோளை ஒட்டி நின்றவன் மச்சான்தான். மேலும், ஃபோர்மேன் ஏன் சரியாக அன்று காலையில், அந்த நேரத்தில், அதைச் சொல்ல வேண்டும்? அவனைக் காப்பாற்றத்தான். அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, போய்ச் சொல்லியிருக்கிறான், அவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். எல்லாம் பொருந்தி வந்தது. நாள் குறித்த வேலையைத் தள்ளிப்போடும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

மின்சாரம் இல்லாமல் லிஃப்ட் எப்படி நகர்ந்தது என்று நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிற கேள்விக்கு இப்போது வருகிறேன். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. வேறு யாரும் அதைப் போட்டுவிடாமல் இருக்க அதில் என் பூட்டும் அவன் பூட்டும் தொங்கின. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று உங்கள் நிபுணர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதியது சரி. அந்த பிரேக்கைப் பராமரிப்பவன் நான். அதில் குறை இருக்காது.

கயிற்றின் ஒரு நுனியில் லிஃப்ட், மறு நுனியில் எடைப்பாளம். லிஃப்டில் ஆள் இல்லாவிட்டால் எடைப்பாளம்தான் கனம். பிரேக் பிடித்திருக்கும் வரை இரண்டும் அசையாது. மின்சாரம் போய் நடுவில் யாராவது மாட்டிக்கொண்டால் அவர்களை மெல்ல அடுத்த மாடிக்குக் கொண்டுவருவதற்காக, மேலே அறையில் பிரேக்கைக் கையால் திறக்க ஒரு லிவர் உண்டு. அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும். அதற்கு மின்சாரம் வேண்டாம், எந்தப் பூட்டும் அதைத் தடுக்காது. அதனால்தான் பள்ளத்தில் ஆள் இருக்கும்போது மேலே கயிறுகளை ஒரு இரும்புக் கவ்வியால் இறுக்கி வைப்போம். இறுக்குவது மேலே இருப்பவன் வேலை.

"கவ்வி போட்டாச்சா, அத்தான்?" என்று வாக்கி-டாக்கியில் கேட்டான்.

"போட்டாச்சு" என்றேன்.

கவ்வி வேனில் இருந்தது. நீங்கள் அங்கிருந்துதான் எடுத்தீர்கள். மறந்துவிட்டேன் என்று மூன்று நாளாகச் சொன்னேன். மறக்கவில்லை.

இருந்தாலும், அவன் மட்டும் சும்மா இருந்திருந்தால் நான் கீழே போய்க் கவ்வியை எடுத்து வந்திருப்பேன் என்றே நினைக்கிறேன். அரை மணி நேரம் அந்த அறையில் நின்றேன். அது நல்ல அறை. சின்ன ஜன்னல் ஒன்று உண்டு, அதன் வழியாக வெயில் விழுந்து மோட்டாரின் பச்சைப் பெயின்ட் பளபளக்கும். கீழிருந்து ஸ்பேனர் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் நன்றாக வேலை செய்கிறவன். பத்து ஐம்பத்துமூன்றுக்கு ஸ்பேனர் சத்தம் நின்றது. வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அத்தான், மணியப் பாத்தீங்களா? வேலை மும்முரத்துல மறந்துடாதீங்க. கேப்டன் யாரு, போட்டாச்சா?"

பார்த்தீர்களா, மேடம். பள்ளத்தில் எடைப்பாளம் வந்து இறங்கும் இடத்துக்குள் இடுப்புவரை நுழைந்து கிடக்கிறான். அப்போதும் கேப்டன் யார் என்று கேட்கிறான். அங்கே ஃபோனில் சிக்னல் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவன் மேலே வருவான் அல்லவா.

லிவரை அழுத்தினேன். முதலில் மெதுவாகத்தான் நகரும். "அத்தான், ஏதோ அசையுது" என்றான். சாதாரணக் குரலில்தான் சொன்னான். பிறகு "அத்தான்" என்றான். பிறகு இன்னொரு தடவை. கையை எடுத்தால் நின்றுவிடும் என்பது ஒவ்வொரு மாடி கடந்தபோதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

கையை எடுத்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து. அறை மறுபடி அமைதியானது. ஃபோனை எடுத்து நெட்டையைக் கேப்டனாக்கினேன். சேமித்தேன். பதினொரு மணி ஆகும்வரை அங்கேயே நின்றேன். பூட்டியதும் ஃபோர்மேனின் அணியைத் திறந்து பார்த்தேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பதினொன்று மூன்று என்று உங்கள் தாளில் இருக்கும்.

மருத்துவமனை வராந்தாவில் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நீங்க மேலதானே இருந்தீங்க? அவன் உங்களக் கூப்பிடலையா?" இல்லை என்றேன். கேப்டன் விஷயத்தை ஒதுக்கிவிட்டால், அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. அவளுக்கும் ஏதோ சந்தேகம் இருக்கிறது. சந்தேகம் எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். இதையெல்லாம் இன்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அவளாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

அன்று நெட்டை இரண்டு கோல் போட்டான். நான் முதலிடத்துக்கு வந்தேன்.

டேப்லெட்தான் காரணம் என்று ஃபோர்மேன் உங்களிடம் அழுதிருக்கிறார். நான் ஒரு அப்பாவியைக் கொன்றுவிட்டேன் என்பதுபோல நீங்களும் என்னைப் பார்க்கிறீர்கள். கோபமில்லை, உங்களுக்கு இந்த விளையாட்டு புதிது. ஆனால் பதினொரு மணிக்கு நான் பார்த்ததை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஃபோர்மேன் வேறு யாரையோ கேப்டனாகப் போட்டிருந்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் அணியைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. மச்சான் இல்லாத முதல் சனிக்கிழமை, மேடம். கசிவு நின்றுவிட்டது.